உண்டியலில் விழுந்த கிரேக்கச் சாமி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பன்னிரண்டு கிரேக்கச் சாமிகள் குடியிருந்தன. புதுச்சேரியில், பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர் எங்களுடையது. வாசல் கதவு கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் சிவப்பு வெல்வெட் மெத்தை, பளபளப்பான மரப்பெட்டி, தினமும் சாயங்காலம் மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. வீட்டு மனிதர்கள் யாருக்கும் அப்படியொரு கவனிப்பு நடந்து நான் பார்த்ததில்லை. நான் மசக்கையில் சுருண்டு கிடந்தபோது எனக்கு ஒரு சோடா வாங்கித் தருவதற்கே பெரிய ஆலோசனை நடந்த வீடு அது.

சாமிகளைக் கொண்டுவந்தவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு மாமாங்கத்துக்கு மேல் இருந்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் பென்ஷனோடு ஊர் திரும்பினார். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தா வீடு என்றால் ஊரில் ஒரு தனி மரியாதை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இவருடைய ஓட்டு பிரான்சுக்கு, சோறு எங்கள் வீட்டில். போர்க்களத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். ஆனால் அவர் வேலை பார்த்தது பட்டாளத்துச் சமையற்கட்டில். நாட்டுக்காக அவர் சுட்டதெல்லாம் ரொட்டிதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை, நாலு பேருக்குச் சோறு போடுகிற வேலைதான். அவர் கதை சொல்லும்போது மட்டும் அந்த அடுப்பு எங்கேயோ காணாமல் போய்விடும், அதுதான் எனக்குச் சிரிப்பு.

சிரிக்காத ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவருடைய மனைவி. எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதம் அவர் கப்பல் ஏறினார். பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். அவளை அழைத்துப் போகப் பேப்பர் வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்தப் பேப்பர் கடைசிவரை எங்கள் ஊர் தபால்காரரைச் சந்திக்கவே இல்லை.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கடல் தாண்டி இருக்கிற புருஷனுக்கு இவள் இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிப் பெறுவாள் என்று ஊரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. குறை இவளிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாருக்காவது வளைகாப்பு என்றால் பாயசம் காய்ச்ச இவள் வேண்டும், வளையல் போட இவள் வேண்டாம். என் வளைகாப்பில் அப்படித்தான் ஒருத்தி இவளைச் சமையற்கட்டுப் பக்கம் ஜாடை காட்டினாள். நான் எழுந்துபோய் அக்கா முன்னால் கையை நீட்டினேன். கூடியிருந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் மகன் பிறந்ததும் அவனைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, தூங்கவைப்பது எல்லாம் அவள்தான். ஒரு நாள் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அவரு வந்துட்டா எனக்கும் ஒண்ணு ஆவும். வயசு ஒண்ணும் போயிடல," என்றாள். உண்மைதான். முப்பதைத் தாண்டியிருந்தாள், அவ்வளவுதான். அவர் ஒரேயடியாகத் திரும்பி வருவதற்காக அவள் எப்படிக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வந்தார். இரண்டு சூட்கேஸ், ஒரு மரப்பெட்டி. சூட்கேஸைக் கூலியாள் தூக்கி வந்தான். பெட்டியை அவரே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அக்காவுக்கு ஒரு குடையும் மூன்று வாசனை சோப்பும் கிடைத்தன. எங்களுக்கு ஆளுக்கொரு துவாலை. அதன் பிறகு முன்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மாட்டுவதுபோல ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார்.

உள்ளே பன்னிரண்டு வெள்ளி வட்டங்கள். ஒவ்வொன்றும் பழைய வெள்ளி ரூபாயைவிடப் பெரிசு, நல்ல கனம். ஒவ்வொன்றிலும் ஒரு கிரேக்கச் சாமியோ அசுரனோ பிராணியோ. பிரான்சில் ஒரு கம்பெனி இதை வார்த்து மாதம் ஒன்றாகத் தபாலில் அனுப்புமாம். பன்னிரண்டையும் வாங்கி முடித்தால் பெட்டி இனாமாம். அந்தப் பன்னிரண்டு மாதமும் வீட்டுக்கு வந்த பணம் ஏன் மெலிந்துபோனது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்த கோலத்தில் எட்டி நின்று பார்த்தார்.

"இத்த வச்சி கடையில இன்னா வாங்கலாம்ணா?"

"ஒண்ணும் வாங்க முடியாது. இது காசு இல்ல."

"நகையா?"

"நகையும் இல்ல."

"அப்ப சாமியா? கும்புடுவாங்களா?"

"இப்ப யாரும் கும்புடுறதில்ல."

"அப்ப இன்னாத்துக்குத்தாண்ணா இது?"

"கலெக்‌ஷன்," என்றார் மூத்தார்.

என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்துவிட்டு, மோட்டார் நிறுத்த வேண்டும் என்று சொல்லி வயலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க ஊர் எங்கள் வீட்டில்தான். மூத்தார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கதை சொன்னார். கதையெல்லாம் பெட்டியோடு வந்த பிரெஞ்சு அச்சுத்தாளில் இருந்தது. ஒரு சாமி தன் பிள்ளைகளையே பிறந்ததும் விழுங்குகிறதாம். கூட்டத்தில் இருந்த ஒருத்தி, "வூட்ல சோறு இல்லியா அதுக்கு?" என்று கேட்டாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் பதவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயமாம். இன்னொரு அம்மாளின் தோளில் ஆந்தை. ஆந்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து மெத்தையில் வைத்திருக்கிறாரே, உருப்படுமா என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். பாதிச் சாமிகளுக்கு இடுப்பில் துணி இல்லை. அவற்றைக் காட்டும்போது பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உத்திரத்தில் இருந்த குருவிக்கூட்டைப் பார்த்தார்கள். அப்புறம் திருட்டுத்தனமாக இதையும் பார்த்தார்கள்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. கிரேக்கு நாகரிகம்," என்றார் மூத்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது வேறு விஷயம். அச்சுத்தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டால் அவருக்கு உடனே இருமல் வந்துவிடும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது ரொம்ப நன்றாகவே புரிந்தது. அவருக்குப் புரியாத விதத்தில் புரிந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் ஆடி மாதம் வெள்ளி உருவத் தகடு விற்பார்கள். காகிதம்போல மெல்லிய தகட்டில் கண், கை, கால், முழு ஆள், தொட்டில் குழந்தை என்று அச்சடித்திருக்கும். கண்ணில் கோளாறு என்றால் கண் தகடு, முட்டிவலி என்றால் கால் தகடு. வாங்கி வேண்டிக்கொண்டு உண்டியலில் போட வேண்டியது. வெள்ளியில் ஓர் உருவம் என்றால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ ஒரு நோய்க்கு, ஏதோ ஒரு குறைக்கு வேண்டிக்கொள்ளுகிற சாமான்.

கீழண்டை வீட்டுக் கிழவிதான் ஆரம்பித்துவைத்தாள். கண்ணில் புரை விழுந்தவள். நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு இருந்த அரக்கனை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "இது கண்ணுக்கா தம்பி?" என்றாள். குதிகாலில் இறக்கை முளைத்த சாமி காலுக்கு. உலகத்தையே முதுகில் சுமந்துகொண்டு குனிந்து நிற்கிறவன் இடுப்புப் பிடிப்புக்கு. தலைமுடியெல்லாம் பாம்பாக நெளிகிறவள் பேனுக்கா, பாம்புக்கடிக்கா என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு. மாட்டுத்தலை மனிதன் கோமாரிக்கு என்று ஏகமனதாக முடிவானது. அந்த ஊர்க்காரர்கள் பணக்காரர்கள், அதனால் தகட்டைக் கெட்டியாகப் போடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மூத்தார் தலையில் அடித்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மாதத்தில் ஒரு நாள் பென்ஷன் வாங்க மூத்தார் புதுச்சேரி டவுனுக்குப் போவார். தொப்பி, பூட்ஸ், மார்பில் ஒரு மெடல். காலை பஸ்ஸில் போனால் பழைய சொல்தாக்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். அந்த நாளில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறப்பாள். புரைக் கண்ணை ஒற்றைக் கண்ணன் தொடுவான். முட்டியில் இறக்கைக்காரன் கொஞ்ச நேரம் உட்காருவான். தொட்டு முடிந்ததும் மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து அதனதன் குழியில் வைத்துவிடுவாள். முட்டிவலி போய்விட்டது என்று ஒருத்தி சொன்னாள். அவள் அந்த வாரம் நடவுக்குப் போகவில்லை, அதனால் போயிருக்கும். அதை நான் சொன்னபோது எல்லாரும் என்னை முறைத்தார்கள். பூரணாங்குப்பத்திலிருந்துகூட ஒருத்தி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரான்சில் படித்தவர்கள் பூட்டிவைத்துப் பார்ப்பதற்கென்று வார்த்த சாமிகளுக்கு எங்கள் கொல்லையில்தான் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது.

அக்கா மட்டும் எதையும் எடுத்து எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு என்ன வேண்டுமோ அதற்குத் தொட்டுப் பார்க்கிற வைத்தியம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூத்தார் வந்து அரை வருஷம் ஆகியும் அந்த இருவருக்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டி என்ற பேச்சே இல்லை. திருட்டுப் பயம் என்று சொல்லிப் பெட்டியோடு முன்கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார். அகலமான கட்டில். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் ஒரு தலையணை, தலையணைமேல் பெட்டி. அக்கா உள்ளே பாயில். முதல் மாதம் அவள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு நடமாடினாள். கையில் பால் டம்ளரோடு போய் நிற்பாள். "அப்பிடி வை. கை ஈரமா இருக்குது, இதும்மேல பட்டுடப் போவுது," என்பார். இதைக் காதால் கேட்டவள் நான். அந்த டம்ளரை அவர் தலையில் கவிழ்த்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் செய்யவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்து என் மகன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. திருவிழா நடந்தது. கூழ் ஊற்றினோம். அதற்கு அடுத்த பென்ஷன் நாள் முடிந்து மறுநாள் சாயங்காலம் மூத்தார் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தார். ஒற்றைக் கண்ணனின் கண்ணில் மஞ்சள். அக்கா முந்தின நாள் கழுவியதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அவர் பதறிப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கினார். பதினொன்றுதான் இருந்தது.

காணாமல் போனது வில்லும் அம்பும் வைத்திருக்கிற குழந்தை. முதுகில் இறக்கை, தொப்பையில் மடிப்பு, கன்னத்தில் குழி. கிரேக்கர்களுடைய காதல் சாமியாம். பன்னிரண்டில் பார்க்க லட்சணமாக இருந்தது அது ஒன்றுதான்.

வீடு இரண்டுபட்டது. மூத்தார் முதலில் சந்தேகப்பட்டது களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்ணை. எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகும். தேடிப் பார்த்தால் அது பரண்மேல் இருக்கும். அவளைக் கூப்பிட்டு முந்தானையை உதறச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உதற வேணாம் நீ, போயி வேலையப் பாரு," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"அவள ஏன் கேக்குறீங்க? நாந்தான் எடுத்தேன். கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்."

மூத்தார் கையில் இருந்த துணியைக் கீழே போட்டார். அப்புறம், "எதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை. களத்துப் பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

"வருஷா வருஷம் ஆடிக்குத் தொட்டில் தகடு வாங்கிப் போட்டுகினுதான் இருந்தேன்," என்றாள் அக்கா. "அது லேசான தகடு. இந்த வாட்டி கனமா ஒண்ணு போடலாம்னு போட்டேன்."

"உனக்கு மூளை இருக்குதா? அது செட்டு. பன்னண்டும் இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ஒண்ணு கொறஞ்சா எல்லாம் வெறும் வெள்ளி."

அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். உலையில் அரிசி போட்டிருந்தாள், கிளறிவிடப் போனாள்.

அன்றைக்கே அவர் கோயிலுக்கு ஓடினார். பூசாரி உண்டியலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆடி முடிந்து, தர்மகர்த்தாவும் ஊராரும் கூடி ஒரு நாள் வைத்துத்தான் திறப்பது வழக்கம். மூத்தார் தர்மகர்த்தா வீட்டுக்குப் போய் பிரெஞ்சு சர்க்காரிடம் சொல்வேன் என்று மிரட்டியிருக்கிறார். தர்மகர்த்தா கரும்புத் தோட்டக்காரர், பதற்றமே கிடையாது. "சொல்லுபா. அவங்க வந்தா மோர் குடுத்து அனுப்பறேன்," என்றாராம். இந்தச் செய்தி மூத்தாருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் ஒரு துக்கம் நடந்ததுபோல அவர் நடமாடினார். சாப்பிடும்போது நிறுத்திப் பெருமூச்சு விடுவார். பெட்டியைத் திறந்து காலிக் குழியை விரலால் தடவுவார். பிள்ளையைத் தொலைத்த தகப்பன்கூட அப்படித் தடவியிருக்க மாட்டான். அக்கா அதைச் சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் என்னிடம், "அந்தக் குழிய அவரு எப்பிடிப் பாக்குறாரு பாத்தியா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பொறாமை இருந்தது. ஒரு வட்ட வெள்ளியைப் பார்த்து ஒரு மனுஷி பொறாமைப்படும்படி வைத்தவரை என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த வசவெல்லாம் அன்றைக்கு மனசுக்குள் தீர்ந்துபோனது.

உண்டியல் திறக்கிற நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. மண்டபத்தில் பெரிய பாய் விரித்து உண்டியலைக் கவிழ்த்தார்கள். சில்லறை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், தகடெல்லாம் ஒரு பக்கம். ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தூணோரம் நின்றேன். அக்கா எனக்குப் பக்கத்தில். மூத்தார் பெட்டியோடு வந்திருந்தார். அம்மன் சன்னிதி என்றும் பார்க்காமல் அங்கேயும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

தகட்டுக் குவியலுக்குள் அது கிடந்தது. மெல்லிய கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில் இறக்கைக் குழந்தை தொப்பையைக் காட்டிக்கொண்டு மல்லாந்திருந்தது. மூத்தார் எட்டி எடுக்கப் போனார். பூசாரி கையைத் தடுத்தார்.

"இருங்க. அம்மன் உண்டியல்ல உழுந்தது. அப்பிடியெல்லாம் எடுத்துக்கினு போவ முடியாது."

"என்னுது அது. தவறி உழுந்துடுச்சி."

"தவறி உழுந்ததுன்னா குடுத்துடலாம்," என்றார் தர்மகர்த்தா. "போன வருஷம் ஒரு கொழந்தையோட கொலுசு உழுந்துது, குடுத்தோம். போட்டவங்க வந்து சொல்லட்டும்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மூத்தாரும் கண்ணால் அதையே கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தவறி உழல," என்றாள் அக்கா. "புள்ளைக்கு வேண்டிகினுதான் போட்டேன்."

பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு மூத்தார் பக்கம் திரும்பினார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை, இரக்கமும் இல்லை.

"வேண்டுதலா போட்டது அம்மனுது. அதத் திருப்பி எடுக்கணும்னா இந்தக் கோயில்ல ஒரே வழிதான். எதுக்காகப் போட்டதோ அது வேணாம்னு கற்பூரத்தத் தொட்டு சொல்லணும். அப்புறம் எடைக்கு எடை வேற வெள்ளி வெக்கணும்."

"யாரு சொல்லணும்?"

"யாரு எடுக்குறாங்களோ அவங்கதான்."

அந்த நிமிஷம் அந்த மனுஷன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. வாயில் வைது தீர்த்தாலும் உள்ளுக்குள் இருந்தது. பெருமை பேசுகிறவர்தான், கஞ்சன்தான், ஆனால் இதைச் சொல்கிற அளவுக்கு ஒரு மனுஷன் போக மாட்டான் என்று நினைத்தேன். பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அப்புறம் சரியாகிவிடும். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடி இறுகவில்லை.

மூத்தார் பெட்டியைப் பார்த்தார். பாயில் கிடந்ததைப் பார்த்தார். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். மூத்தார் வலது கைக் கையுறையை மட்டும் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நெருப்பில் பட்டால் கருகிவிடும் அல்லவா, நல்ல பிரெஞ்சுத் துணி.

"வேணாம்," என்றார்.

"இன்னா வேணாம்னு முழுசா சொல்லுங்க," என்றார் பூசாரி.

"புள்ள வேணாம்."

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து, இறக்கைக் குழந்தையை எடுத்து, ஊதித் துடைத்து, குழியில் வைத்து அழுத்தினார். அது சரியாகப் பொருந்திய சத்தம் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அப்படியொரு அசட்டு நிம்மதி.

"எடைக்கு எடை வெள்ளி வெக்கணும்," என்று தர்மகர்த்தா நினைவுபடுத்தினார். அவர் யாரையும் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு டவுனுக்குப் போயி வாங்கியாந்து வெக்கிறேன்," என்றார் மூத்தார்.

அக்கா என் முழங்கையை விட்டாள். பாய்க்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டுக் கால்விரலில் தடவி, மெட்டியைத் திருகினாள். கல்யாணத்தன்று போட்டது, இறுகிப்போயிருந்தது. தோல் உரசிச் சிவந்தது. பெண்களில் யாரோ, "ஐயோ, வேணாம்மா," என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. இரண்டு காலிலிருந்தும் கழற்றி, முந்தானையில் துடைத்துத் தர்மகர்த்தா முன்னால் வைத்தாள்.

"இது அவரு போட்ட வெள்ளிதான்."

மூத்தார் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இருமல் வந்தது. அந்த அச்சுத்தாளில் இதற்குப் பதில் இல்லை. தர்மகர்த்தா தராசைத் தொடவில்லை. கையெடுத்துக் கும்பிடுவதுபோலக் காட்டி, "போதும்மா," என்றார்.

"இல்லிங்க, நல்லா நிறுத்துப் பாருங்க," என்றாள் அக்கா. "கொறஞ்சா இப்பவே சொல்லுங்க, கொலுசும் கீது. அப்புறம் பாக்கி இருக்குதுன்னு யாரும் என்னத் தேடிகினு மண்ணாடிப்பட்டுல எங்க அம்மா வூட்டுக்கு வரக் கூடாது."